தண்ணீர் கேன் வைத்த என் மகனுக்கு

மகனே,

நான் நல்லா இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சி பெரியம்மா மகள் சந்தனமாரி, அதுதான் உன் சோலார் கம்பெனியில் பலகை கழுவுகிறவள், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உனக்குத் தொப்பை விழுந்திருக்கிறதாம். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நீ அந்தச் சோலார் பலகைகளுக்கு நடுவில் நடந்து வந்தால் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கிறதாம், நாதஸ்வரம் ஒன்றுதான் குறையாம். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கப்புறம் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊருக்கே தெரிகிற மாதிரி பத்திரிகையில் ஏன் எழுதுகிறாய் என்று கோபப்படாதே. உனக்குத் தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. வாட்ஸப்பில் நான் பேசி அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. போன் பண்ணினால் 'மீட்டிங்ல இருக்கேம்மா' என்கிறாய். அந்தக் காட்டுக்குள் அப்படி யாரோடு உனக்கு இத்தனை மீட்டிங்? அதனால் எங்கள் பெண் தொழிலாளர் சங்கத்து மாதப் பத்திரிகையில் இடம் கேட்டு வாங்கினேன். பத்திரிகையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, 'மூணாப்பு படிச்சவங்க எழுதினா என்னக்கா, பிழையை நான் திருத்திக்கிறேன். திட்டுறத மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கங்க' என்றாள். 'நீ பிழையைத் திருத்து தாயி, திட்டைத் திருத்தாத' என்று சொல்லியிருக்கிறேன்.

சந்தனமாரி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மோர் கொடுத்தேன். டம்ளரை வாங்கி, பறவை குடிக்கிற மாதிரி ஒரு வாய் நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

'ஏன்டி, உப்புக் கூடிருச்சா?' என்றேன்.

'இல்ல சித்தி. பழகிப் போச்சு. தண்ணியப் பாத்தாலே தொண்டை மூடிக்கிருது.'

'வேலைக்குப் போற அன்னைக்குத்தான் அப்படி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான?'

'தொண்டைக்குக் கிழமை தெரியுமா சித்தி?'

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் விஷயத்தை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நீர்க்கடுப்பு முற்றிவிட்டது, காய்ச்சல் வேறு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, இப்படியே விட்டால் கிட்னியைப் பிடித்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வெயிலில் பலகை கழுவும்போது ஒரு தடவை மயங்கி விழுந்தும் இருக்கிறாள். 'குடிச்சுத் தொலைய வேண்டியதுதான?' என்று அதட்டினேன்.

'குடிச்சுட்டு எங்கன போறது சித்தி? இருந்த கருவேலத்தை எல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. பலகைக்கு அடியில உக்காரலாம்னா மூலைக்கு மூலை கேமரா. அங்கன ரூமுக்குள்ள ஆம்பளைங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க.'

'ஆபீசுல இல்லையா?'

'இருக்கு. பூட்டியிருக்கு. ஸ்டாப்புக்கு மட்டுமாம். நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்கள்ல.'

'சாவி யாருட்ட?'

அவள் டம்ளர் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். 'சார்ட்ட.'

'எந்தச் சார்?'

'நம்ம சார்தான் சித்தி.'

மகனே, அவள் உன்னை இடுப்பில் வைத்து ஊரெல்லாம் சுற்றினவள். நீ அவள் பாவாடையிலேயே மூத்திரம் போயிருக்கிறாய், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. 'ஏன்டி, அவன்ட்ட நேராக் கேக்க வேண்டியதுதான?' என்றேன். 'கேட்டேன் சித்தி. மேல கேக்கணும்னாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல. அங்கன நான் அக்காள்னு காட்டிக்கிறதே இல்ல. சார்னுதான் கூப்பிடுறேன். அவருக்குச் சங்கடமாயிரும்ல' என்றாள். உனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். 'போட்டே எழுதுங்க, இனிமே என்ன இருக்கு' என்று சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது உனக்காகப் பரிந்து வேறு பேசினாள். 'தம்பி மோசமில்ல சித்தி. எங்களுக்குன்னு தண்ணி கேன் வச்சிருக்காரு. பச்சைத் துணி கட்டி நெழல் போட்டு, டம்ளர் எல்லாம் புதுசு. நாங்கதான் யாரும் தொடுறதில்ல.' அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கேன்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து நீ ஸ்டேட்டஸ் வைத்திருந்தாய். 'தொழிலாளர் தாகம் தீர்ப்போம்' என்று எழுதி, கை கும்பிடுகிற படமும் போட்டிருந்தாய். நான்கூடப் பெருமைப்பட்டு இதயம் போட்டேன். அந்த இதயத்தை இந்தக் கடிதத்தின் மூலம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஊருக்கு நல்லது செய்தவர்களைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டாவது படிக்கும்போது அதைப் பேசித்தான் நீ பரிசு வாங்கினாய். வாத்தியார் எழுதிக் கொடுத்ததை வீட்டுக்குள் கையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்தாய். ரயில் செய்தவர், அம்மை நோய்க்கு ஊசி கண்டுபிடித்தவர், கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்க எழுத்துக் கண்டுபிடித்தவர், ஆற்றைத் திருப்பி அணை கட்டியவர், விதவைகளுக்கு மறு கலியாணம் பண்ணி வைத்தவர் என்று ஒரு பெரிய ஊர்வலமே நம் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் மீன் அலசிக்கொண்டே கேட்டேன். 'ஏலே, இவங்கள்ல யாராச்சும் பொம்பளைங்க ஒதுங்குறதுக்கு ஒரு எடம் கண்டுபிடிச்சாங்களா?' நீ திடுக்கிட்டு, 'அம்மா, அதெல்லாம் மேடையில சொல்லக் கூடாதும்மா. அசிங்கம்' என்றாய். 'மாட்டுப் புண்ணுல இருந்து சீழை எடுத்து மனுசன் கையில ஏத்தினாருன்னு இப்பத்தானடா கத்துன. அது மட்டும் சந்தனமா?' என்றேன். உன்னைப் பெற்ற அய்யா, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர், டியூபைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நீ பேச்சை மறந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் எங்கள் உப்பளத்தில் அந்தக் கதை நடந்துகொண்டிருந்தது. உனக்கு அரைகுறையாகத் தெரியும். கூடப் படித்தவர்கள் உன்னைத் 'தேர்க்காரி மகன்' என்று கேலி செய்ததால் நீ அதைப் பற்றிக் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. இப்போது முழுசாகக் கேள்.

வாலிநோக்கத்துக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ஒரு தனியார் அளம். முதலாளி பெயர் இப்போது எதற்கு, மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அது துடைத்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். மரமும் கிடையாது, மேடும் கிடையாது. தூரத்து வரப்பில் ஒரு காக்காய் உட்கார்ந்தால்கூட அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதில் பெண்பிள்ளைகள் எங்கே போவது? கருவேலங்காடு வரைக்கும் நடந்து போய்வந்தால் கணக்கப்பிள்ளை அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். நாலு பேர் சுற்றி நின்று சேலையை விரித்துப் பிடிப்போம். அதற்கும் வெட்கப்பட்டவர்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பல்லில் தண்ணீர் படாமல் உப்பு வாருவார்கள். உப்புக் காட்டில் நின்றுகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உன்னை மாதிரிப் படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பாலைக்குடியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அங்கே கருவாடு காய வைக்கிற பெண்கள் கடற்கரையில் நாலு துடுப்பை நட்டு, பழைய வலையைச் சுற்றி, அதன்மேல் சேலையைப் போர்த்தி ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். 'இத யாரு மொதல்ல செஞ்சது?' என்று கேட்டேன். ஒரு கிழவி, 'யாரு செஞ்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? அவசரம் வந்தவ செஞ்சிருப்பா' என்றாள். ஆக, நான் கண்டுபிடித்தேன் என்று ஊரில் சொல்வதில் பாதி அங்கே திருடினது. ஆனால் உப்பளத்தில் இன்றைக்கு இந்தப் பாத்தியில் வேலை, நாளைக்கு எங்கேயோ வேலை. நட்டு வைத்தால் ஆகாது, நம் பின்னால் வர வேண்டும். உன் அய்யாவிடம் பழைய சைக்கிள் சக்கரம் கேட்டேன். சட்டம் அடித்து, சக்கரம் பூட்டி, மேலே கம்பு கட்டி, இழுக்கக் கயிறும் போட்டுக் கொடுத்துவிட்டு மனிதர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'ஏன்டி, இதுக்கு வடம் பிடிக்க ஊரைக் கூப்பிடணுமா?' என்றார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் தேர்.

தேருக்கு முதலில் நீலத் தார்ப்பாய் கட்டியது என் அறிவுக் கொழுந்து. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், காற்றில் பாயைக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேனா? உள்ளே போனவள் உன் பெரியம்மா பேச்சியக்கா. கச்சான் காற்று ஒரு அறை அறைந்தது பார், தேர் பாய்மரக் கப்பல் மாதிரி வரப்பு மேலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் கயிற்றைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடுகிறோம். பேச்சியக்கா மட்டும் இருந்த இடத்திலேயே, உப்புக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'ஏக்கா, எந்திரிச்சுச் சேலைய எறக்கிவிட வேண்டியதுதான? மூஞ்சிய ஏன் மூடுன?' என்று கேட்டால், 'மூஞ்சி தெரிஞ்சாத்தான்டி எந்தப் பொம்பளைன்னு தெரியும்? மத்ததெல்லாம் ஊருக்கே ஒரே மாதிரிதான' என்றாள். அன்றைக்கு யாரும் உப்பு வாரவில்லை, சிரித்தே பொழுது போனது. மறுநாள் பனையோலைத் தட்டி கட்டினோம். காற்று புகுந்து வெளியே போகும், ஆள் தெரியாது. சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தோம். தேர் நின்றது.

நின்றதும் உண்மையான சண்டை ஆரம்பித்தது. உப்பு ஊரே வாயில் வைக்கிற பொருள், பாத்திப் பக்கம் ஒரு சொட்டு விழக் கூடாது என்பதில் எங்களுக்கே கண்டிப்பு உண்டு. தேருக்குள் மணலும் சாம்பலும் போட்ட ஒரு டிரம் வைத்திருந்தோம். சாயங்காலம் அதைத் தூக்கிப்போய்த் தேரி மணலில் புதைக்க வேண்டும். யார் தூக்குவது? எல்லோருடைய கண்ணும், என் கண்ணும் சேர்த்துத்தான், தானாக ஒருத்தி பக்கம் திரும்பியது. காலனியிலிருந்து வருகிற முனியம்மா. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

'என்னையப் பாக்குறீக. நல்லாப் பாருங்க. தேர்னு பேரு வச்சீகள்ல? தேருன்னா மண்டகப்படி உண்டா இல்லையா?'

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவுக்கு, ஒரு வகையறாவுக்கு மண்டகப்படி. அன்றைய பூசையும் செலவும் மரியாதையும் அவர்களுக்கு. முனியம்மா தெருவுக்கு மட்டும் எந்த நாளும் கிடையாது, கேட்டும் கொடுக்கவில்லை.

'உண்டு' என்றாள் பேச்சியக்கா, எங்கே போகிறது என்று தெரியாமல்.

'மொத மண்டகப்படி யாருக்கு?'

'பெரிய வகையறாவுக்கு.'

'அப்ப வழக்கத்த மாத்த வேணாம்த்தா. பெரிய வகையறாவுல இருந்தே ஆரம்பிங்க. வரிசையா வரட்டும். எங்க தெரு எப்பவும் போல கடைசியில நிக்கும். எங்களுக்கு அவசரமில்ல.'

எங்கள் ஆட்களில் மூத்தவள் பேச்சியக்காதான். அவள் முனியம்மாவைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள், முந்தானையை இடுப்பில் செருகினாள். 'எந்திரிங்கடி, எனக்கு வழி விடுங்க. மண்டகப்படிக்காரி வாரேன்' என்று டிரம்மின் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கினாள். அடுத்த காது எனக்கு வந்தது. ரெண்டு பேர் மட்டும் முடியாது என்று வேறு அளத்துக்குப் போய்விட்டார்கள், போகட்டும். அதற்கப்புறம் காலையில் வந்ததும் 'இன்னைக்கு யாரு மண்டகப்படி?' என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். தேரைச் செய்தவள் நான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகனே, சக்கரம் உன் அய்யாவுடையது, யோசனை திருப்பாலைக்குடியில் எடுத்தது. அதை ஓட வைத்தவள் முனியம்மா. உன் பேச்சுப் போட்டி ஊர்வலத்தில் ஆற்றைத் திருப்பினவருக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தால் அவளை அங்கே நிறுத்து. அவள் எங்கள் கண்ணைத் திருப்பினவள்.

முதலாளி விட்டுவைப்பாரா? வெளியூர் வியாபாரி ஒருவர் உப்புப் பார்க்க வந்து, 'அது என்ன, ஓலைக் குடிசை நகந்து போவுது?' என்று கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். முதலாளிக்கு மானம் போய்விட்டது. டிராக்டரை விட்டுத் தேரை இழுத்துக்கொண்டு போய் ஆபீசுக்குப் பின்னால் போட்டார்கள். வேறு எங்கேயாவது என்றால் உண்ணாவிரதம் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் ஆயுசு முழுக்க அந்த விரதம்தானே இருந்தோம், அதையே மறுபடியும் இருந்தால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? பேச்சியக்கா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து குடித்தோம். வருஷக்கணக்கான தாகம், சொம்பு சொம்பாக இறங்கியது. கணக்கப்பிள்ளை வெளியே வந்தார்.

'என்னத்தா, என்ன போராட்டம் இது?'

'தண்ணி குடிக்கிற போராட்டம்யா. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல' என்றேன்.

தொந்தரவு கொஞ்ச நேரம் கழித்துத்தானே வரும்? எல்லோரும் எழுந்து ஆபீஸ் கக்கூஸ் வாசலில் வரிசையாக நின்றோம். அளத்துக்கே அது ஒன்றுதான், சாவி கணக்கப்பிள்ளை அரைஞாண் கயிற்றில். 'முதலாளியக் கேக்காம நான் தெறக்க முடியாது' என்று முறுக்கினார். முனியம்மா ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: 'பரவாயில்லங்கய்யா, கேட்டுட்டே வாங்க. அதுவரைக்கும் நாங்க அந்தா இருக்குல்ல உப்பு அம்பாரம், அதுக்குப் பின்னாடி மறைவாத்தான் இருக்கு, அங்கன போய்க்கிறோம்.' அந்த வருஷத்து உப்பு முழுக்க அந்த அம்பாரத்தில் கிடந்தது. மனிதர் வேட்டி அவிழ ஓடி வந்து கதவைத் திறந்தார். தேர் மறுநாள் காலையில் பாத்திக்கு வந்தது, இழுத்துக்கொண்டு போன அதே டிராக்டரில். அப்புறம் பக்கத்து அளங்களிலும் தட்டி கட்டின வண்டிகள் ஓடின. கொஞ்ச வருஷத்தில் ஒன்றிரண்டு இடத்தில் செங்கல் வைத்தே கட்டிக் கொடுத்தார்கள். எங்கேயும் யார் பெயரும் எழுதவில்லை. கக்கூஸ் சுவரில் பெயர் எழுதி வைத்தால் எனக்கே பிடிக்காது.

இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. அடுத்த உப்புப் பருவத்தில் முதலாளி எனக்கு வேலை தரவில்லை. 'தேர் விட்டவ தேரோட போகட்டும்' என்று சொல்லிவிட்டார். வெள்ளைக் காட்டில் நின்றவள் கரிமூட்டத்துக்குப் போனேன். கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கறுப்பாக வீட்டுக்கு வருவேன். என் மூஞ்சியைப் பார்த்து நீ வெட்கப்பட்டு ஓடுவதும், நான் வேண்டுமென்றே உன்னைத் துரத்தி உன் கன்னத்தில் கரி பூசுவதுமாக அந்த வருஷம் போனது. அந்த வருஷம் நம் வீட்டு உலையில் என்ன வெந்தது, என்ன வேகவில்லை என்பதை உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். ஆகையால் முந்தாநாள் நீ ஒருவழியாகப் போனை எடுத்து, 'திறந்துவிட்டா என் வேலை போயிரும்மா' என்று சொன்னபோது நான் அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நம் வம்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நீ. அந்த நாற்காலி கீழே விழுந்தால் எனக்கும்தான் அடிபடும்.

ஆனாலும் கேள். 'காண்ட்ராக்ட்ல இல்லம்மா' என்றாய். மனுசிக்கு மூத்திரம் வரும் என்பதைக் காண்ட்ராக்டில் எழுதி வைத்தால்தான் வருமா? 'அவங்க யாரும் கேக்கலம்மா, கேட்டா மேல அனுப்புவேன்' என்றாய். சந்தனமாரி கேட்டாளே, அவள் யாரும் இல்லையா? 'நான் அவங்களுக்குத் தண்ணியெல்லாம் வச்சிருக்கேன்' என்றாய். அங்கேதான் மகனே நீ வழுக்கி விழுந்தாய். உன் மனசு கெட்டதில்லை, அது எனக்குத் தெரியும், கெட்ட மனசுக்காரனுக்கு நான் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நீயே உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். அவர்களிடம் போய்க் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நீ மனப்பாடம் செய்த பெரியவர்கள் எல்லாம் சும்மா நல்லவர்களாக மட்டும் இருந்திருந்தால் நம் ஊருக்கு ரயிலும் வந்திருக்காது, ஊசியும் வந்திருக்காது. ஊர் வாய் கூசிச் சொல்லாமல் விட்டதைக் கூச்சப்படாமல் போய்க் கேட்டார்கள், அப்புறம் அடியும் வாங்கினார்கள். உன் அளவுக்கு அத்தனை பெரிய காரியம்கூட இல்லை. ஆற்றைத் திருப்பச் சொல்லவில்லை. பூட்டில் ஒரு சாவியைத் திருப்பச் சொல்கிறேன்.

மேலே கேட்கணும் என்றால் கேள், நன்றாகக் கேள், எழுதியே கேள். பதில் வருகிற வரைக்கும் கதவு திறந்திருக்கட்டும் என்பதுதான் என் பேச்சு. பதில் வருகிற வரைக்கும் பூட்டியிருக்கட்டும் என்பது உன் பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தனமாரி கிட்னி இருக்கிறது. திறந்ததற்காக உன்னை வெளியே அனுப்பினால், வீட்டுக்கு வா. நான் தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன், நீ பாஸானதற்குக்கூட எடுக்காத ஆரத்தி. பூட்டியே வைத்து உனக்குப் பிரமோஷன் கொடுத்தார்கள் என்றால், அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பாதே. நானும் நீல டிக்கோடு நிறுத்திக்கொள்வேன்.

கடிதம் எழுதிவிட்டுச் சும்மா உட்காரும் பழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். உங்கள் பலகை கழுவுகிற ஆட்களைக் கூட்டிவருகிற மேஸ்திரியைச் சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். சந்தனமாரி காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் படுத்திருக்கட்டும், அவள் இடத்தில் நான் வருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, 'யக்கா, வெயிலு கடுமையா இருக்கும். தாங்குவீகளா?' என்றார். 'உப்பளத்து வெயிலத் தின்னு வளந்தவ நான். ஒங்க கண்ணாடி வெயிலு எனக்கு நெலா வெளிச்சம்' என்றேன். 'அங்க சார் ஸ்ட்ரிக்டு' என்றார். 'சாரை எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும்' என்று மட்டும் சொன்னேன். ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டார். ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் கொடுத்துவிட்டார். சட்டை முழங்கால் வரைக்கும் வருகிறது. போட்டுக்கொண்டு உன் அய்யா முன்னால் நடந்து காட்டினேன். 'கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு ஜோரா உடுத்தல' என்றார்.

இந்தப் பத்திரிகை சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும், ஆகவே திங்கட்கிழமை வாரேன். வேலையில் குறை வைக்க மாட்டேன், பலகையில் உன் முகம் தெரிகிற மாதிரி துடைப்பேன். அங்கே நீ எனக்குச் சலுகை காட்டினால் கோபம் வரும். எனக்கு மட்டும் திறந்துவிடுகிறேன் என்று ரகசியமாகச் சாவியை நீட்டினால் அதை வாங்கி எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டுவேன். எனக்கு வேண்டியபோது வேலையை வைத்துவிட்டு நேராக உன்னிடம் வருவேன், 'சார், ஒதுங்கணும்' என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொல்வேன். என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உனக்குத் தெரியும். நீ என்ன பதில் சொல்கிறாயோ அதே பதில்தான் அங்கே நிற்கிற ஒவ்வொருத்திக்கும்.

காலையில் வேன் வந்து நின்றதும் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பது நீதானாமே, சந்தனமாரி சொன்னாள். என் பெயரும் வரும். அந்த இடத்தில் அம்மா என்று கூப்பிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன், ஆப்சென்ட் போட்டுக்கொள். பெற்றவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை ரூமில் தனியாகத்தானே இருப்பாய், கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்.

இப்படிக்கு,
வேலை நேரம் போக மற்ற நேரத்தில்
உன் அம்மா